நாக்கை இறுக்கும் சீனி

போன மாதம் தறிச் சங்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கையில் ஒரு பழைய சேலை. "தாத்தா, இந்த மஞ்சள் இத்தனை வருசமாகியும் வெளுக்கலை. இப்ப யாருக்கும் இதைப் போடத் தெரியலை. நீங்க போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க. எங்க சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்க" என்றார்கள்.

சேலையை நான் கையில் வாங்கவில்லை. கட்டிலில் விரிக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுதான் பார்த்தேன். அதே மஞ்சள்தான். முந்தானை ஓரத்தில் மட்டும் கறுத்திருந்தது. சாக்கடை ஓரத்து வீட்டில் வைத்திருந்தால் அந்த மஞ்சள் அப்படித்தான் கறுக்கும். அழுகிய முட்டை நாற்றம் பட்டால் போதும், அதற்குள் இருக்கும் ஈயம் தன் நிறத்தைக் காட்டிவிடும். "கையைக் கழுவிட்டுக் காப்பி குடிங்கய்யா" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். உடுத்தித் துவைத்த சேலையால் ஒன்றும் ஆகாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் கை பின்னால்தான் போனது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காடு எங்களுக்கு. தொடர்ந்து மழை பொய்த்தபோது வீட்டை விட்டுக் கிளம்பினேன். சிவகிரியில் கல் உடைத்தேன். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். மலைக்கு அந்தப்பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மலேரியாக் காய்ச்சலோடும் அட்டைக்கடியோடும் ஒரு மழைக்காலம் இருந்தேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. கடைசியில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், வாய்க்கால் ஓரத்தில் இருந்த ஒரு சாயப்பட்டறையில் நூல் அலசச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது.

பட்டறை மேஸ்திரி மீரான் பாய். நடுவயதுக்காரர், ஒல்லி, வெளிறிய முகம். அதட்ட மாட்டார். குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான் எல்லாருக்கும் பயம். காலையில் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், மோதிரத்தைக் கழற்றி மடியில் முடிவார், நேராக மஞ்சள் தொட்டிக்குப் போவார். வலது கை ஆட்காட்டி விரலைத் தொட்டியில் முக்கி நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். நாங்கள் அசையாமல் நிற்போம். பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பித் துப்புவார். "இன்னும் ஒரு கை போடு" என்பார், அல்லது, "போதும், நூலை இறக்கு." இவ்வளவுதான் பேச்சு. அவர் நாக்கு சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. கடையநல்லூர்த் தறிக்காரர்கள் எங்கள் மஞ்சளைத் தேடி வாங்கினார்கள்.

அந்தத் தொட்டியில் இருந்ததுதான் ஈயச் சீனி. ஈயமும் காடியும், அதாவது வினிகரும், சேர்ந்து உண்டாகும் உப்பு அது. அது வருகிற தகர டப்பாவின்மேல் லெட் அசிடேட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பார்க்க வெள்ளை வெளேரென்று சீனி போலவே இருக்கும், தண்ணீரில் சுகமாகக் கரையும், லேசாகப் புளித்த வாடை அடிக்கும். குற்றாலத்து மலைத் தண்ணீரில் கரைத்தால் தெளிவாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். அப்படி வெளுத்தால் மேஸ்திரி கொஞ்சம் காடி விடுவார், தெளியும். வளையமாகச் சுற்றிய நூல் கழியை முதலில் அந்தத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவோம். அப்போது நூலில் எந்த நிறமும் தெரியாது. பிறகு பக்கத்துத் தொட்டியில் முக்குவோம். அதில் பைக்ரோமேட் என்கிற செம்மஞ்சள் உப்பு கரைந்திருக்கும். இரண்டு உப்பும் நூலுக்குள் சந்தித்த அந்த நொடியில் கண்ணைக் குத்துகிற மஞ்சள் பிறக்கும். எத்தனை அலசினாலும் அது போகாது. அந்த மஞ்சளையே சுடு சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கினால் ஆரஞ்சு நிறமாக மாறும்.

நான் சேர்ந்த அன்று மேஸ்திரி சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஏலே, இந்தத் தொட்டியில தொட்ட கையை வாய்ல வைக்கப்படாது. பீடி குடிக்கணும்னா வாய்க்கால்ல மண்ணுப் போட்டுத் தேச்சுட்டுக் குடி."

"நீங்க வைக்கியளே பாய்?"

"நான் மேஸ்திரி" என்றார்.

தொழில் ரகசியத்தை மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு கன்றுக்குட்டியோடு போனது. வடிகால் பக்கம் கட்டியிருந்த கன்று அறுத்துக்கொண்டு வந்து, நாங்கள் கொட்டியிருந்த தொட்டிக் கழிவை நக்கியிருக்கிறது. இனிப்பாக இருக்கவே ஆசையாக நக்கியிருக்கும். மறுநாள் அது நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கண் தெரியவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது செத்த பிறகு நான் கையை ஆற்று மணல் போட்டுத் தோல் சிவக்கத் தேய்க்க ஆரம்பித்தேன். சோற்றைக் கரண்டியால் தின்றேன். மேஸ்திரி விரலை நாக்கில் வைக்கும்போதெல்லாம் என் பல் கூசியது.

அப்போது நான் ஒண்டியிருந்தது சுடலை வீட்டில். சுடலை தேங்காய் உரிக்கிறவன், என் வயதுக்காரன், வாயைத் திறந்தால் கேலிதான். அவன் குடிசை பள்ளிவாசல் மதிலை ஒட்டி இருந்தது. நோன்பு மாதம் வந்தால் அவனுக்கு ஒரு உத்தியோகம் உண்டு. நோன்பு வைத்திருப்பவர்கள் சூரியன் மறையும்வரை எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. காய்ச்சுகிற கஞ்சியில் உப்புச் சரியாக இருக்கிறதா, கலக்குகிற சர்பத்தில் இனிப்புச் சேர்ந்திருக்கிறதா என்று யார் பார்ப்பது? பள்ளிவாசல் மோதினார் சாயங்காலம் மதிலுக்கு மேலே எட்டிக் கூப்பிடுவார். மோதினார் என்றால் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிறவர். சுடலை போய் ருசி பார்த்துச் சொல்வான்.

"நோம்பு அவங்களுக்கு, கஞ்சி நமக்குவே" என்பான். "ஒரு கரண்டியில எப்படி ருசி தெரியும்? ஒரு தம்ளர் வேணும்."

"ஒரு தம்ளர் குடிச்சிட்டு ஒண்ணும் தெரியலங்கியே" என்று மோதினார் திட்டுவார்.

"சோம்பேறி நாக்கு மோதினாரே, மெதுவாத்தான் சொல்லும்."

அந்த வருசம் நோன்பு மாதமும் குற்றாலம் சீசனும் சேர்ந்து வந்தன. விடாத சாரல். நூல் காயவில்லை, பட்டறைக் கூரை ஒழுகியது. பெருநாளுக்குள் மஞ்சள் நூல் வேண்டும் என்று தறிக்காரர்கள் நெருக்கினார்கள். ஈயச் சீனித் தகரம் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால், சரக்கைத் துணிப்பையில் கொட்டி, ஈரம் படாமல் சரக்கு அறை விட்டத்தில் தொங்கவிட்டிருந்தோம். பள்ளிவாசல் சர்பத்துக்கு நோன்பு மாதம் முழுக்கச் சீனி கொடுப்பது எங்கள் முதலாளி வழக்கம். அது வழக்கமாகக் கணக்குப்பிள்ளை அறையில்தான் இருக்கும். அந்த அறையும் ஒழுகவே, அவர் அந்தப் பையையும் கொண்டுவந்து அதே விட்டத்தில் மாட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே மாதிரிக் காடாத் துணிப் பை. எல்லாமே காடி வாடை அடிக்கிற அறை. மத்தியானம் வண்டிக்காரர் வந்து, கைக்கு எட்டிய பையை அவிழ்த்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

மீதியிருந்த பையிலிருந்து மேஸ்திரிதான் நிறுத்துப் போட்டார். நோன்பு மாதத்தில் அவர் நாக்குக்கு வேலை இல்லை. தராசை நம்பித்தான் தொட்டி போட வேண்டும். அன்று அவர் முகம் இன்னும் வெளிறியிருந்தது, தராசைத் தூக்க வலது கை சிரமப்பட்டது. தொட்டியில் கொட்டிக் கலக்கியபோது விரல் தன் பழக்கத்தில் தண்ணீருக்குள் போய் மேலே வந்தது. பாதி வழியில் நினைவு வந்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருக்கு பாய்" என்றேன்.

"மழைத் தண்ணி" என்றார்.

நூலை இறக்கினோம், ஊறவைத்தோம், பிழிந்தோம். சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. முதல் கழியை எடுத்துப் பைக்ரோமேட் தொட்டியில் முக்கினேன். மஞ்சள் எழவில்லை. தேநீர்க் கறை போல ஏதோ ஒட்டியது. வாய்க்காலில் ஒரு தரம் அலசியதும் அதுவும் போய் நூல் வெள்ளையாகத் திரும்பி வந்தது. இன்னொரு கழியை முக்கினேன். அதுவும் வெள்ளைதான். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று பயந்து மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் நூலைப் பார்க்கவில்லை. சரக்கு அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே ஓடினோம். விட்டத்துக் கயிற்றில் சாரை சாரையாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. மீதிப் பை முழுக்க எறும்பு. அந்த அறையில் அதுவரை நான் எறும்பைப் பார்த்ததே இல்லை.

"கணக்குப்பிள்ளே, பள்ளிவாசல் சீனி எங்கன?" என்றார் மேஸ்திரி. முதல்முறையாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

"அப்பவே போயிட்டே பாய். வண்டிக்காரன் எடுத்துட்டுப் போனான்" என்றார் கணக்குப்பிள்ளை.

மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நோம்பு திறக்கதுக்கு முன்னால யாரும் வாய்ல வைக்க மாட்டாங்க. அதுவரைக்கும் நேரம் இருக்கு" என்று தனக்குத்தானே சொன்னார். சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"சுடலை" என்றேன்.

அவர் வெளியே ஓடினார். பைக்ரோமேட் தொட்டியிலிருந்து ஒரு சீசா மொண்டு தக்கையை அடைத்து என் கையில் திணித்தார். "சைக்கிள எடுத்துட்டு ஓடு. குடிக்காதியன்னு சொன்னா உன்னைய நம்ப மாட்டாங்க. நீயும் சுடலையும் விளையாடுத ஆளுங்க. பேசாத. இதைச் சர்பத்துல ஊத்து. சீனியா இருந்தா ஒண்ணும் ஆகாது. நம்ம சரக்கா இருந்தா அதுவே சொல்லும். நான் வண்டி கட்டிட்டு வாரேன்."

முதலாளியின் சைக்கிளில் கிளம்பினேன். சீசன் நேரத்துக் குற்றாலம் சாலை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் எண்ணெய் வழிய நடந்துபோகிற கூட்டம், கூண்டு வண்டி வரிசை, நடுவில் ஆரன் அடித்துக்கொண்டு பஸ். பழக்கடைக்காரர்கள் பாதையை அடைத்துக் கூடை விரித்திருந்தார்கள். "எண்ணெய்க்காரன் வாரான், ஒதுங்கு" என்று யாரோ என் கறை படிந்த உடம்பைப் பார்த்துக் கேலி செய்தார்கள். சாரலில் வானம் முழுக்க ஒரே சாம்பல். சூரியன் இருக்கிறதா, இறங்கிவிட்டதா, தெரியவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசலில் நகரா என்கிற பெரிய முரசை அடிப்பார்கள். எந்த இரைச்சலைக் கேட்டாலும் அந்த முரசோ என்று இன்னும் வேகமாக மிதித்தேன். கன்றுக்குட்டி பல்லைக் கடித்த சத்தமும் கூடவே வந்தது. சாலைக்குக் குறுக்கே ஓடை போகிற தாம்போதியில் தண்ணீர் முழங்காலளவு ஓடியது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சீசாவைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி கடந்தேன். அந்தச் சீசாவிலும் விஷம்தான் இருக்கிறது என்பது பாதித் தண்ணீரில்தான் உறைத்தது.

பள்ளிவாசல் முற்றத்தில் கொட்டகை போட்டு, ஆட்கள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பேரீச்சம்பழம், மண் கலயத்தில் கஞ்சி. ஓரத்தில் பெரிய செம்புப் பானை. மோதினார் அகப்பையோடு நின்றார். பானைக்குள் எட்டிப் பார்த்தேன். எலுமிச்சை விதை மிதக்கும் சர்பத் பால்போல வெளுத்திருந்தது.

சுடலை மதில்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கையில் காலித் தம்ளர்.

"என்னவே, நாய் துரத்துன மாதிரி வாரேரு?" என்றான். "லேட்டு. நான் ருசி பாத்தாச்சு. இன்னைக்குத்தான் சர்பத்து சர்பத்தா இருக்கு. நேத்துவரைக்கும் மோதினாரு சீனியக் கண்ணுல காட்டிட்டு எடுத்துட்டாரு. இன்னைக்குப் பாலும் ஊத்திருக்காரு பாத்துக்கோ."

"நான் எங்க பால் ஊத்துனேன்? சீனி அழுக்குச் சீனி, கலக்கிட்டு. ரெண்டு தரம் துணியில வடிகட்டிட்டேன்" என்றார் மோதினார்.

"எவ்வளவு குடிச்சே?" என்றேன்.

"ஒரு தம்ளர். ஏன், உனக்கு வைக்கலன்னு கோவமா? ஆனா என்னமோ தொண்டையப் பிடிச்சு இழுக்குவே. பச்சைப் பாக்கு மென்ன மாதிரி."

"யாரும் இதைக் குடிக்காதீங்க. இது விஷம்" என்று கத்தினேன். மேஸ்திரி பேசாதே என்று சொன்னது நினைவில் இல்லை.

அவர் சொன்னபடியே ஆயிற்று. பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டொருவர் சிரித்தார்கள். "ஏலே, நோம்பு நேரத்துல என்ன விளையாட்டு? போலே அங்கிட்டு" என்று மோதினார் அகப்பையை ஓங்கினார். நான் சீசாவின் தக்கையைப் பிடுங்கி அப்படியே பானையில் கவிழ்த்தேன்.

வெள்ளைக்குள் செம்மஞ்சள் விழுந்தது. விழுந்த இடம் திரண்டது. மோதினார் என்னைப் பிடித்துத் தள்ளிய வேகத்தில் அகப்பை பானைக்குள் போய்க் கலக்கிவிட்டது. பானை முழுக்க அரைத்த மஞ்சள் விழுதுபோல் கட்டியாக எழும்பியது. எங்கள் பட்டறை மஞ்சள். சாரல் வெளிச்சத்தில் அது பானைக்குள்ளிருந்து எரிகிற மாதிரி இருந்தது. பாயில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

சுடலை மதிலிலிருந்து இறங்கி வந்து பானையைப் பார்த்தான். பிறகு தன் தம்ளரைப் பார்த்தான். அதன் அடியில் ஒட்டியிருந்த கொஞ்சத்தை விரலால் தொட்டு, அந்த விரலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே நின்றான்.

"ஏய், எனக்குள்ளயும் இப்படியா இருக்கும்?" என்றான். அவனிடம் கேலி இல்லாத குரலை அன்றுதான் கேட்டேன்.

நகரா ஒலித்தது. யாரும் எதையும் எடுக்கவில்லை. கஞ்சியில் சீனி கிடையாது, அது நல்ல கஞ்சி என்று நான் சொல்லியும் யாரும் தொடவில்லை. கிணற்றிலிருந்து புதிதாக இறைத்த தண்ணீரை ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்து நோன்பு திறந்தார்கள்.

சுடலை அதற்குள் மதிலோரம் உட்கார்ந்து வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தான். வயிற்றைக் கயிறு போட்டு முறுக்குகிறது என்றான். அப்போதுதான் வண்டி வந்தது. மேஸ்திரி இறங்கி, மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். பேதி உப்பு. அதைத் தண்ணீரில் கரைத்துச் சுடலையின் வாயில் ஊற்றினார். அவன் துப்பத் துப்ப, கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊற்றினார்.

"குடிலே. இந்த உப்பு உள்ள போனா அதைக் கரையாத மண்ணாக்கிரும். மண்ணு ரத்தத்துல சேராது, வெளிய போயிரும். குடி."

அந்த உப்பை அவர் வாரா வாரம் வெள்ளிக்கிழமை குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மலச்சிக்கல் என்று நினைத்திருந்தேன்.

அதே வண்டியில் சுடலையைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு தெரியுதுவே, இன்னும் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கன்றுக்குட்டி கதையை அவனுக்குச் சொன்னவன் நான்தான்.

டாக்டரம்மா விவரம் கேட்டார். வாயைத் திறந்து சொன்னவர் மேஸ்திரி. என்ன சரக்கு, ஒரு தம்ளரில் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும், எத்தனை தரம் வாந்தி எடுத்தான், பேதி உப்பு எவ்வளவு கொடுத்தோம் என்று வரிசையாகச் சொன்னார். டாக்டரம்மா குழாய் விட்டுச் சுடலையின் வயிற்றைக் கழுவினார். பால் கொடுக்கச் சொன்னார். "பிழைச்சுக்குவார். ரெண்டு மூணு நாள் வயிறு வலிக்கும். உடனே உப்புக் கொடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் டாக்டரம்மா போகவில்லை. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேஸ்திரிக்கு எதிரே வந்து நின்றார்.

"நீங்க வாயைத் திறங்க."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் குடிக்கல, நோம்பு."

"திறங்க."

உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலக் கறுப்பாக ஒரு கோடு, பென்சிலால் வரைந்தது போல, பல்வரிசை முழுக்க ஓடியது. "இரண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றார். மேஸ்திரி நீட்டினார். இடது கை நேராக நின்றது. வலது கை மணிக்கட்டோடு தொங்கியது. தூக்க முயன்றார். விரல்கள் ஆடின, கை எழவில்லை.

"எத்தனை வருசமா?" என்றார் டாக்டரம்மா.

"ருசி மட்டும் பாப்பேன்மா. உடனே துப்பிருவேன்."

"நீங்க துப்பினீங்க. உடம்பு துப்பலை" என்றார் அவர். "இவர் நாளைக்கோ மறுநாளோ எழுந்து வீட்டுக்குப் போயிடுவார். நான் படுக்கையில சேர்க்க வேண்டியது உங்களைத்தான்."

கட்டிலிலிருந்து சுடலை தலையைத் திருப்பினான். முனகிக்கொண்டே சொன்னான்: "எனக்கு ஒரு தம்ளருக்கே இந்தப் பாடு. பாய் எத்தனை வருசமா நக்கிட்டு வாராரோ."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன அவனும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தொங்கிய கையை மற்றக் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அதுவரை நோன்பு திறந்திருக்கவில்லை என்பது நினைவு வந்து, நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் அதை வாங்கினார். குடிக்காமல் வெகுநேரம் தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுடலை தேறி வந்தான். பழையபடி கேலி பேசினான், ஆனால் பள்ளிவாசல் மதிலைத் தாண்டவில்லை. மோதினார் எத்தனை தரம் கூப்பிட்டும், "உப்புக் கூடுனாலும் குறைஞ்சாலும் நீங்களே சாப்பிட்டுக்கோங்க மோதினாரே" என்று இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னான். அந்தச் செம்புப் பானையைப் புளி போட்டுத் தேய்த்தார்கள், மண் போட்டுத் தேய்த்தார்கள். இடுக்குகளில் மஞ்சள் போகவில்லை. கடைசியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

பெருநாள் கழிந்து மேஸ்திரி பட்டறைக்கு வந்தார். சட்டையைக் கழற்ற நான் உதவ வேண்டியிருந்தது. ஈயச் சீனி இப்போது பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில். தொட்டியின் பதம் பார்க்க நான் வேறு வழி வைத்திருந்தேன். ஒரு வெள்ளை நூலை ஈயத் தண்ணீரில் முக்கி, பைக்ரோமேட்டில் முக்கி, எழுகிற மஞ்சளை முந்தின நாள் நூலோடு ஒட்டிவைத்துப் பார்ப்பது. அதை அவரிடம் காட்டினேன். அவர் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரியா இருக்கா பாய்?"

"இருக்கும்போல. எனக்குக் கண்ணால சொல்லத் தெரியாது" என்றார்.

அவர் மறுபடி தொட்டியில் விரல் வைக்கவில்லை. வைக்கக் கை எழவில்லை என்பதுதான் சரி. சீசன் முடிந்து சாரல் நின்றதும் நான் அந்த வேலையை விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. இராத்திரி தூக்கத்தில் நான் பல்லைக் கடிப்பதாகச் சுடலை சொன்னான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அங்கே இருக்க முடியவில்லை.

எங்கெங்கோ சுற்றினேன். லாரியில் கிளீனராக, ஓட்டுச் சூளையில், தீப்பெட்டி ஆபீசில் என்று வருசங்கள் போயின. அறுபதுகளில் ஒரு சீசனுக்குக் குற்றாலத்தில் துண்டு, சோப்பு விற்க வந்திருந்தேன். மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் மீரான் பாய் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, உடம்பு பாதியாகியிருந்தது. இரண்டு மணிக்கட்டும் தொங்கின. முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஏலே, நீயா? இங்கன உக்காரு." அதே தாழ்ந்த குரல்.

ஊர்க்கதை பேசினோம். சுடலைக்கு மூன்று பிள்ளைகள் என்றார். டீ அப்படியே இருந்தது. கை முடியாததால் எடுக்கவில்லை என்று நினைத்து, தம்ளரை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். தலையை ஆட்டினார்.

"அதுக்கில்ல. ரெண்டு கையும் சேத்துப் பிடிச்சா குடிச்சிருவேன். எனக்கு இப்பல்லாம் எதைத் தின்னாலும் ஈயம்தான். இனிப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. கடைக்காரன் சீனி போட்டானான்னு கேட்டா போட்டேங்கான். என்ன சீனி போட்டான்னு யாருக்குத் தெரியும்?" கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்தார். "நீ ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லுலே."

நான் தம்ளரை வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தேன். நாக்கு இறுகுகிறதா, ஓரங்கள் பாக்கு மென்றதுபோல் சுருங்குகிறதா என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். மேஸ்திரி அசையாமல் உட்கார்ந்திருந்தார், ஒரு காலத்தில் தொட்டிப் பக்கம் நாங்கள் நின்ற மாதிரி.

"நல்ல சீனிதான் பாய். குடிங்க" என்றேன்.

அவர் இரண்டு புறங்கையாலும் தம்ளரை அணைத்துத் தூக்கிக் குடித்தார்.